பிணம் நடக்கிற ஊரில் புல் வளராதா?

செத்தவர்கள் எழுந்து நடப்பதை 'தி வாக்கிங் டெட்' ரசிகர் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே ரசிகர், ஆளில்லாத வீட்டு வாசலில் புல்தரை சீராக வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். "ஊரே காலியாகி வருஷமாச்சு, யாருப்பா புல் வெட்டறது?" என்று உடனே கேட்பார். உலகம் முழுக்க அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விதான் இது. தர்மபுரியிலும் கேட்கிறார்கள், அதுவும் விடாமல் கேட்கிறார்கள். தொடர் முடிந்து இத்தனை நாளாகியும் எங்கள் நண்பர் வட்டத்தில் இந்தச் சண்டை ஓயவில்லை.

ஜாம்பிக் கதையில் லாஜிக் தேடலாமா என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் இந்தச் சண்டையை உட்கார்ந்து கேட்டால், பிணம் நடக்குமா என்பது அதில் ஒரு பொருட்டே இல்லை என்பது புரியும். நடந்ததற்குக் கதை விலை கொடுத்ததா, கொடுக்காமல் தப்பித்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி. பெட்ரோல் பற்றிய புகாரும், ஒரு பாத்திரத்தைக் கொன்ற விதம் பற்றிய கோபமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றே. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். முழுக்கதையும் வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

அடிப்படை விவரங்கள் முதலில். ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003இல் வெளிவரத் தொடங்கிய காமிக்ஸ்தான் மூலம். 193 இதழ்கள் வந்து 2019இல் நின்றது. அமெரிக்காவின் ஏஎம்சி சேனல் அதைத் தொடராக்கி 2010 அக்டோபர் 31 அன்று முதல் எபிசோடை ஒளிபரப்பியது. 11 சீசன், 177 எபிசோடு ஓடி 2022 நவம்பர் 20 அன்று முடிந்தது. ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரர் குண்டடி பட்டு நினைவிழந்து கிடக்கிறார். மருத்துவமனைப் படுக்கையில் கண் விழிக்கும்போது உலகம் மாறியிருக்கிறது. அங்கிருந்து ஜார்ஜியா மாநிலத்துக் காடு, பண்ணை, சிறை என்று ஒரு கூட்டம் அலைவதுதான் கதை.

எங்கள் பக்கம் இதைப் பார்த்தவர்கள் இரண்டு வகை. ஓசூர் சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் போனில் ஒவ்வொரு எபிசோடாகப் பார்த்தவர்கள் ஒரு வகை. தமிழில் கதை சொல்லும் யூடியூப் வீடியோக்களில் ஒரு சீசனை அரைமணி நேரத்தில் கேட்டு முடித்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையைக் குறைத்துச் சொல்லவில்லை. கதையின் ஒவ்வொரு திருப்பமும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்த இரு வகையினரும் ஒரே காட்சியைப் பற்றிப் பேசும்போது வேறு வேறு தொடரைப் பார்த்தவர்கள் மாதிரி இருக்கும். ஏன் என்பது பின்னால் வரும்.

உடலியல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இறந்த உடலில் தசைக்கு ஆற்றல் கிடைப்பது நின்றுவிடும். சில மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேர அளவில் முழுக்க விறைத்து, ஒன்றரை இரண்டு நாளில் தளர்ந்து அழுக ஆரம்பிக்கும். தொப்பூர் ரோட்டோரம் சித்திரை வெயிலில் அடிபட்டுக் கிடக்கும் ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே வயிறு உப்பிவிடும், ஈ மொய்க்கும், புழு வைக்கும், நாய்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சில நாளில் தோலும் எலும்பும்தான். அப்படியிருக்க ஒரு பிணம் பத்து வருடம் நடப்பது நடக்காத காரியம். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஒப்பனைக்குப் பொறுப்பாக இருந்த கிரெக் நிகோடெரோ ஒவ்வொரு சீசனிலும் பிணங்களின் சிதைவைக் கூட்டிக்கொண்டே போனார். அந்த அளவு நேர்மை போதும் என்று ரசிகர்கள் விட்டுவிட்டார்கள்.

விடாதது வேறொன்று. கதை தானே போட்ட விதியை மீறினால் விட மாட்டார்கள். முதல் சீசனின் கடைசி எபிசோடில் அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் டாக்டர் ஜென்னர் சில விதிகளைச் சொல்கிறார். இறந்தவர் மீண்டும் எழ மூன்று நிமிடமும் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். எழுவது மூளையின் அடித்தண்டு மட்டும். அவர் ரிக்கின் காதில் ஏதோ சொல்லி அனுப்புகிறார். அது என்ன என்று இரண்டாவது சீசன் முடிவில் தெரிகிறது: எல்லோர் உடலிலும் அந்தக் கிருமி ஏற்கெனவே இருக்கிறது, எப்படிச் செத்தாலும் எழுவார்கள். சரி, நல்ல விதி. அதே முதல் சீசனில் பிணத்தின் குடலையும் ரத்தத்தையும் உடம்பில் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து போகலாம் என்றும் காட்டினார்கள். ஏழு சீசன் வரைக்கும் வாயிலும் கண்ணிலும் ரத்தம் தெறித்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டாவது சீசனில் பாதிரியார் கேப்ரியல் குடல் பூசிக்கொண்டு வந்து காய்ச்சலில் விழுகிறார், கண் பார்வை போகிறது. ரிக்கின் எதிரிக் கூட்டத்துத் தலைவன் நீகன் தன் ஆட்களின் ஆயுதங்களில் பிணத்தின் ரத்தத்தைத் தடவி அனுப்ப, கீறல் பட்டவர்கள் செத்து எழுகிறார்கள். அத்தனை நாளும் எங்கே போயிருந்தது இந்தத் தொற்று? எங்கள் வட்டத்தில் கால்நடைத் துறையில் வேலை செய்யும் ஒருவர் மட்டும், வாயில் படுவது வேறு, வெட்டுக்காயத்துக்குள் இறங்குவது வேறு என்று தொடருக்காக வாதாடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைக் கதை சொல்லியிருக்க வேண்டும், அவர் சொல்லும்படி விட்டிருக்கக் கூடாது.

இப்போது புல். படப்பிடிப்பு பெரும்பாலும் ஜார்ஜியாவின் செனோயா என்ற சிற்றூரைச் சுற்றி நடந்தது. ரிக்கின் கூட்டம் பின்னால் குடியேறும் அலெக்சாண்ட்ரியா என்ற ஊராகக் காட்டப்பட்ட தெருவில் நிஜமாகவே ஆட்கள் குடியிருந்தார்கள், சுவரும் வாசல் கதவும் மட்டும் தொடருக்காகக் கட்டியவை. குடியிருப்பவர்கள் தங்கள் வாசலில் புல்லை வளரவிட மாட்டார்கள். காரணம் இவ்வளவு எளிமையானது. ஆனாலும் ரசிகர்கள் கேட்டது தவறில்லை. நம் ஊரில் ஒரு வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு மழை போதும், வாசலில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். கொஞ்ச நாளில் உண்ணிச்செடி வேலியைத் தாண்டி உள்ளே வரும், அப்புறம் சீமைக்கருவேலம். அழிந்த உலகத்தை முதலில் காட்டிக்கொடுப்பது செடிதான், அதைத்தான் தொடர் பல சீசன்களுக்குக் காட்டவில்லை.

பெட்ரோல் இன்னும் பெரிய சண்டை. பெட்ரோல் மூடிய கலனில் சில மாதம் தாங்கும், நன்றாகப் பாதுகாத்தால் ஒரு வருடம். அதற்கு மேல் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, பிசின் மாதிரி படிய ஆரம்பிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இன்னும் சீக்கிரம் கெடும். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை நம் பங்குகளில் போட ஆரம்பித்த பிறகு இந்தப் பேச்சு இங்கே எல்லா மெக்கானிக் கடையிலும் நடக்கிறது. அதனால் எட்டாவது சீசனிலும் லாரிகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்து ஆளாளுக்குக் கொதித்தார்கள்.

இதில் நான் தொடரின் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். கதையின் கணக்குப்படி முதல் எட்டு சீசனும் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குள் நடந்து முடிகின்றன. நாம் அதைப் பார்க்க எட்டு வருடம் எடுத்துக்கொண்டோம். ரிக்கின் மகன் கார்லாக நடித்த சாண்ட்லர் ரிக்ஸுக்குத் தொடங்கும்போது பதினொரு வயது. கார்ல் கடிபடும் எபிசோடு வரும்போது பதினெட்டு. திரையில் ஒரு பையன் இளைஞனாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு, இது கதைப்படி இரண்டு வருடம்தான் என்று யார் சொன்னாலும் மனம் ஏற்காது. பெட்ரோல் கெட்டிருக்க வேண்டும் என்ற நம்முடைய கணக்கில் பாதி, நமக்கு ஆன வயதின் கணக்கு. ஒன்பதாவது சீசனில் காலம் தாவியதும் வண்டிகள் நின்றன, குதிரை வந்தது. வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய கலப்பையையும் விதையையும் கூண்டு வண்டியையும் தூக்கி வருகிறார்கள். அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு பென்னாகரத்துக்காரர் ஒருவர், இங்கேயாக இருந்தால் மியூசியத்துக்குப் போக வேண்டியதில்லை, இன்னும் சில வீடுகளில் ஆலம்பாடி மாடும் கலப்பையும் இருக்கிறது என்றார். ராகியை நன்றாகக் காயவைத்துப் போட்டால் வருடக்கணக்கில் பூச்சி தொடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மின்சாரம் நின்றால் ஒகேனக்கல் தண்ணீர் மேலே ஏறி வராது. பழையபடி ஃப்ளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான், அதையும் கையால் அடித்துத்தான், குடிக்க வேண்டியிருக்கும். பல்லும் எலும்பும் கெட்ட ஒரு தலைமுறையைப் பார்த்த மாவட்டம் இது. ஜாம்பி வந்தால் தண்ணீர்தான் முதல் பிரச்சினை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் என்றதும் கிணற்றுக் காட்சிக்கு வந்தாக வேண்டும். இரண்டாவது சீசனின் நான்காவது எபிசோடு. ஹெர்ஷலின் பண்ணையில் ஒரு கிணற்றுக்குள் ஊறி உப்பிய பிணம் ஒன்று கிடக்கிறது, உயிரோடு, அதாவது அந்தத் தொடரின் அர்த்தத்தில் உயிரோடு. உள்ளேயே சுட்டால் மூளை சிதறித் தண்ணீர் கெட்டுவிடும் என்று சொல்லி, க்ளென் என்ற இளைஞனை இடுப்பில் கயிறு கட்டித் தூண்டில் இரை மாதிரி இறக்குகிறார்கள். கடைசியில் பிணத்துக்குச் சுருக்குப் போட்டு மேலே இழுக்கும்போது அது கிணற்று விளிம்பில் இரண்டாகப் பிய்ந்து, கீழ்ப்பாதி திரும்பத் தண்ணீருக்குள் விழுகிறது.

தர்மபுரி மாவட்டத்தில் விவசாயக் கிணறு என்பது பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரப் பள்ளம். அதில் ஆடு விழும், நாய் விழும், சில நேரம் மாடும் விழும். செத்து மிதந்தால் என்ன செய்வோம்? முதலில் உடலை எடுப்போம். அப்புறம் மோட்டார் போட்டு முழுக்க இறைத்துக் கொட்டுவோம். சேற்றை வாரி, சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போட்டு, ஊற்று மறுபடி ஊறி வரும்வரை குடிக்க எடுக்க மாட்டோம். நாளைக்கணக்கில் ஊறிய பிணம் கிடக்கும் தண்ணீர் கெட்டுப்போய்ப் பல நாள் ஆகிறது; சுட்டாலும் சுடாவிட்டாலும் ஒன்றுதான். இது தெரிய டாக்டர் தேவையில்லை. ஹெர்ஷலோ கால்நடை மருத்துவர், பண்ணைக்காரர். அவருடைய பண்ணையில், அவருடைய பெண் மேகியும் பக்கத்தில் நிற்க, இப்படி ஒரு யோசனை நடக்கிறது என்பதுதான் இடிக்கிறது. இந்தக் காட்சியைப் பற்றி எங்கள் வட்டத்தில் யாருமே தொடருக்காக வாதாடவில்லை.

ஆனால் இந்தக் காட்சி ஏன் எழுதப்பட்டது என்று யோசித்தால் காரணம் கிடைக்கும். முதல் சீசனை உருவாக்கிய ஃபிராங்க் டாரபோன்ட், இரண்டாவது சீசன் தயாராகிக்கொண்டிருந்தபோதே 2011இல் நீக்கப்பட்டார். பட்ஜெட்டும் குறைக்கப்பட்டிருந்தது. ஆறு எபிசோடு இருந்த தொடர் பதின்மூன்றாக நீண்டது. கதை ஒரே பண்ணையில் உட்கார்ந்தது அதனால்தான். அசையாமல் நிற்கும் கதையில் வாரத்துக்கு ஒரு பிணமாவது பயமுறுத்த வேண்டும், அதற்குக் கிணறு கிடைத்தது. பாத்திரங்களின் முட்டாள்தனம் என்று நாம் திட்டும் பல இடங்களில் உண்மையில் தெரிவது தயாரிப்பின் நெருக்கடி.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டிய அதை இங்கே பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆறாவது சீசனின் தொடக்கத்தில் அலெக்சாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரிப் பள்ளத்தில் ஆயிரக்கணக்கான பிணங்கள் சிக்கி நிற்கின்றன. வெளியே வரும் வழியை லாரிகள் அடைத்திருக்கின்றன. ஒரு லாரி சரியும் நிலையில் இருக்கிறது. ரிக்கின் திட்டம்: தாங்களே திறந்துவிட்டு, கூட்டத்தில் ஒருவனான டேரில் பைக்கிலும் மற்ற இருவர் காரிலும் முன்னால் மெதுவாகப் போக, கூட்டத்தை இருபது மைல் தள்ளிக் கூட்டிப்போய் விடுவது. பாதி வழியில் ஊர்ப்பக்கம் ஒரு லாரியின் ஹாரன் விடாமல் அலற, கூட்டத்தின் பாதி திரும்பிவிடுகிறது. இவ்வளவு அபாயமான திட்டத்தை யாராவது போடுவார்களா என்று கேட்டார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போடுவார்கள். வருடா வருடம் ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று இறங்கும். என் மாமா ஒருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி வைத்திருக்கிறார். மரத்தின் மேல் பரண் கட்டி, ராத்திரி முழுக்க டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருப்பார்கள். வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கூட்டத்தை விரட்டும்போது கவனித்தால் தெரியும், யானையை நிறுத்த முடியாது, திசையைத்தான் மாற்ற முடியும். ஒரு பக்கம் சத்தம் கொடுத்து மறுபக்கத்தை அமைதியாக விட வேண்டும். அமைதியாக இருக்க வேண்டிய பக்கத்தில் ஒருவன் பயந்துபோய் ஒரு வெடியைக் கொளுத்தினால் போதும், கூட்டம் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி நேரே ஊருக்குள் வரும். மறுநாள் காலை யார் வெடி வைத்தது என்று ஊரில் பெரிய சண்டையே நடக்கும். ஆறாவது சீசனின் அந்த ஹாரன் சத்தத்தைப் பார்த்துவிட்டு மாமா சொன்னது: "இது நடக்கும்டா. நல்லா நடக்கும்." அவர் தொடரில் பார்த்த ஒரே எபிசோடு அதுதான். கிரானைட் குவாரிப் பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதால் அந்த இடமும் அந்நியமாகத் தெரியவில்லை.

ஆக யதார்த்தம் என்பது பார்ப்பவரின் கைவேலையைப் பொறுத்தது. துப்பாக்கி தெரிந்த அமெரிக்க ரசிகர் தோட்டா எண்ணிக்கையை எண்ணுகிறார். இங்கே கிணறும் கூட்டமும் தண்ணீரும் எண்ணப்படுகின்றன.

மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய புகார் மட்டும் 2020க்குப் பிறகு அடங்கிவிட்டது. அதற்கு முன்னால், கடிபட்டதை ஒருவன் மறைத்தால் யார் இப்படிச் செய்வார்கள் என்று கேட்டவர்கள் நிறைய. முதல் சீசனில் ஜிம் மறைத்தார், ஐந்தாவது சீசனில் பாப் மறைத்தார். கொரோனா வந்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் வந்த மத்திய அரசின் பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான். அந்தப் பெருமையே ஒரு பயமாக மாறியது. பெங்களூரிலிருந்து ஜூஜுவாடி எல்லை வழியாக நடந்தே வந்த சொந்தக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதவர்கள் இருந்தார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்களே என்று காய்ச்சலை மறைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அதன்பின் மறுபடி முதல் சீசனைப் பார்த்தபோது ஜிம்மின் முகம் வேறு மாதிரி தெரிந்தது. நான்காவது சீசனில் சிறைக்குள் பரவும் காய்ச்சலும் அப்படித்தான். 2013இல் அது ஒளிபரப்பானபோது, ஜாம்பித் தொடரில் எதற்குச் சளிக்காய்ச்சல் என்று அலுத்துக்கொண்டார்கள். இப்போது கேட்டால் அந்தப் பகுதியைத்தான் நிஜம் என்கிறார்கள்.

இனி கதைத் திருப்பங்கள். இங்கேதான் குரல் உயரும்.

2015 அக்டோபர் 25 அன்று ஒளிபரப்பான எபிசோடில் க்ளெனும் நிக்கோலஸ் என்பவனும் ஒரு சந்தில் குப்பைத் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள், சுற்றிலும் பிணங்கள். நிக்கோலஸ் தன்னையே சுட்டுக்கொண்டு விழ, க்ளெனும் சேர்ந்து விழுகிறான். கேமரா மேலிருந்து அவன் முகத்தைக் காட்டுகிறது, நெஞ்சுக்கு மேல் குடலை உருவுகிறார்கள், அவன் கத்துகிறான். பார்த்தவர்களில் பலர் செத்துவிட்டான் என்றே நம்பினார்கள். அடுத்த வாரங்களில் தொடக்க எழுத்துகளிலிருந்து நடிகர் ஸ்டீவன் யூனின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நான்கு வாரம் கழித்து, நவம்பர் 22 அன்று, குடல் நிக்கோலஸுடையது, க்ளென் தொட்டிக்கு அடியில் நகர்ந்து தப்பிவிட்டான் என்று காட்டினார்கள்.

யூடியூப் வீடியோவில் கதை கேட்டவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "ஆனா அடுத்த சீன்ல க்ளென் பிழைச்சிடறாரு" என்று ஒரு வரியில் போய்விடும். அவர்களுக்கு இது ஒரு நல்ல ட்விஸ்ட். வாரா வாரம் பார்த்தவர்களுக்கு அந்த நான்கு வாரம்தான் காயம். ஒரு மாதம் துக்கப்பட்டிருக்கிறார்கள், அவன் மனைவி மேகிக்காக வருந்தியிருக்கிறார்கள், பழைய எபிசோடுகளைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துக்கத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தொட்டிக்கு அடியில் அத்தனை பிணங்களுக்கு நடுவே நகர முடியுமா என்று அளந்து பார்த்து வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவு முக்கியமில்லை. பாத்திரம் பொய் சொல்லலாம், கதை ஒன்றை மறைக்கலாம், ஆனால் கேமரா காட்டிய கோணமே பொய் சொன்னது. இந்தத் தொடரில் யார் வேண்டுமானாலும் சாகலாம் என்பதுதான் அதன் பலம். அந்தச் சாவையே நம்ப முடியாமல் ஆக்கியது இந்தக் காட்சி. தொடர் செய்த மிகப் பெரிய தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன், பின்னால் வந்த எதையும்விட.

பின்னால் வந்ததும் சிறியதில்லை. 2016 ஏப்ரலில் ஆறாவது சீசன் முடிவில் நீகன் முள்கம்பி சுற்றிய மட்டையோடு வந்து, மண்டியிட்டவர்களில் ஒருவரை அடிக்கிறான். யாரை என்று காட்டாமல் திரை கறுத்தது. விடை அக்டோபர் 23 அன்றுதான் கிடைத்தது: கூட்டத்தில் ஒருவரான ஏபிரகாம், அடுத்து க்ளென். காமிக்ஸ் படித்தவர்களுக்கு 2012இல் வந்த 100வது இதழிலேயே க்ளெனின் முடிவு தெரியும். அந்த அக்டோபர் எபிசோடை அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த சீசன் முடியும்போது அது 1 கோடியே 13 லட்சமாக இறங்கியிருந்தது, அதன்பின் பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. வன்முறை அதிகமாகிவிட்டது என்பதைப் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. க்ளெனுக்காக ஒரு முறை அழுதுவிட்டு ஏமாந்தவர்கள், அவன் நிஜமாகவே சாகும்போது பாதி மனதோடுதான் பார்த்தார்கள். கோபம் வந்தது; துக்கம் முழுதாக வரவில்லை. துக்கப்படாத ரசிகருக்கு அடுத்த வாரம் வந்து உட்கார ஒரு காரணமும் இல்லை.

கார்லின் சாவு இதிலிருந்து வேறுபட்டது. 2017 டிசம்பரில் எட்டாவது சீசனின் நடுவில், வயிற்றில் கடிபட்ட காயத்தை அவன் அப்பாவிடம் காட்டுகிறான். வழியில் சந்தித்த சித்திக் என்பவனின் தாயின் நம்பிக்கைக்காக, அலையும் பிணங்களுக்கு விடுதலை கொடுக்கப் போய்க் கடிபட்டது அது. யதார்த்தம் என்று பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு நல்ல காரியத்தின் நடுவில் கால் தடுக்கி விழுந்து கடிபடுவது நூறு சதவீதம் நடக்கக்கூடியது. எங்கள் வட்டத்தில் சரித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டில், எதற்காகச் செத்தான் என்று வட்டெழுத்தில் பொறித்த மண் இது. அவர் வாதம், கார்லின் சாவுக்குக் காரணம் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது. அவன் எழுதி வைத்த கடிதங்களால்தான் ரிக் கடைசியில் நீகனைக் கொல்லாமல் விடுகிறார்.

நல்ல வாதம், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. காமிக்ஸில் கார்ல் சாகவில்லை, வளர்ந்து கடைசி இதழ் வரை இருக்கிறான். அத்தனை பேர் செத்ததும் ரிக் அத்தனை பேரைக் கொன்றதும் எதற்கு என்ற கேள்விக்கு அவன்தான் பதில். நான்காவது சீசனில் ஒரு காட்சி வரும். அப்பா மயங்கிக் கிடக்க, கார்ல் தனியாக வீடுகளைத் துழாவி, ஒரு பெரிய டின் சாக்லேட் புட்டிங்கைக் கண்டெடுத்து, கூரைமேல் உட்கார்ந்து மூன்று கிலோவையும் தின்று தீர்க்கிறான். பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு பிணம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது, அவன் ஷூ ஒன்று அதனிடம் போய்விட்டது. அவன் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் சின்னப்பையன். 177 எபிசோடிலும் எனக்கு இதைவிட நிஜமான காட்சி கிடையாது. அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆவான் என்று பார்க்கத்தான் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம். அவனைக் கொன்றது யதார்த்தத்தை மீறவில்லை, கதையின் முதுகெலும்பை எடுத்துவிட்டது. சாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் அந்தக் காரணம் நீகனைக் காப்பாற்றுவதற்காகத் தேடிப் பிடிக்கப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

2022இல் கடைசி எபிசோடை ஏறக்குறைய 23 லட்சம் பேர்தான் நேரலையில் பார்த்தார்கள். போனில் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருந்தாலும் வீழ்ச்சி வீழ்ச்சிதான். போனவர்கள் தவறவிட்ட ஒரு காட்சி அந்த எபிசோடில் இருக்கிறது. நீகன் மேகியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு முன் பல எபிசோடுகளில் அவன் திருந்தியதைக் காட்டியிருக்கிறார்கள், ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறான், மனைவியும் வயிற்றுப் பிள்ளையும் இருக்கிறார்கள். சுலபமாக அவளை மன்னிக்க வைத்திருக்கலாம். மேகி மன்னிக்கவில்லை. இனி வெறுத்துக்கொண்டே வாழ விருப்பமில்லை, ஆனால் க்ளெனை அடித்த மட்டையை மறக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியாது என்று அழுதுகொண்டே சொல்கிறாள். அடுத்த வருடம் வந்த 'டெட் சிட்டி' தொடரில் இருவரையும் சேர்ந்து வேலை செய்ய வைத்தபோதும் அந்த முறிவு அப்படியே இருந்தது. எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்கு, இத்தனை நடந்தும் அவள் இவனோடு ஒரே வண்டியில் போவது இடிக்கிறது. எனக்கு இடிக்கவில்லை. பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், மீட்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். கொலை செய்தவனின் உதவியைப் பிள்ளைக்காக வாங்கிக்கொண்டு, அவனை மன்னிக்காமலும் இருக்க ஒரு தாயால் முடியும். அதைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம், பெட்ரோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.